‘சாப்பிட்டாச்சா?’வும் என் கடைவாய்ப் பல்லும்

அந்த வருஷம் ஆடித் தபசுக்குக் கோயிலில் கொடி ஏறுவதற்கு முன்பே என் வலது கன்னம் ஏறிவிட்டது.

காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றேன். இடது பக்கம் நான் இருந்தேன். வலது பக்கம் என் மாமனார் இருந்தார். அவருக்கு இரண்டு கன்னமும் அப்படித்தான், எந்நேரமும் அதிரசத்தை ஒதுக்கி வைத்திருப்பது மாதிரி. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் ரொம்ப நாளாக எனக்கு ஒரு குழி உண்டு. சோற்றுப் பருக்கை அதற்குள் போய்க் குடியேறும், நான் ஈர்க்குச்சி வைத்துக் காலி பண்ணுவேன், மறுவேளை வேறொன்று குடிவரும். வாடகை வீடு மாதிரி அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது வீடே வீங்கிவிட்டது.

எண்பதுகளின் ஆரம்பம் அது. சங்கரன்கோவிலில் நான் மைக் செட் கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். கட்டுவதோடு நிற்காமல் பேசவும் செய்வேன். ‘மஞ்சள் சட்டை போட்ட, இடது காலில் மட்டும் செருப்பு போட்ட பெரியவரை அவர் சம்சாரம் பந்தலில் தேடுகிறார்’ என்று நான் சொன்னால் கூட்டம் சிரிக்கும், பெரியவரும் கிடைப்பார். ஆனால் ஆடியில் அம்மன் தபசு நிற்கிற மண்டபத்து மைக் மட்டும் எனக்குக் கிடைத்ததில்லை. அது வருஷா வருஷம் புளியங்குடி மைக் செட்காரருக்குத்தான். அவர் குரல் உடைந்துவிட்டது என்று யாரோ சொல்லி, அந்த வருஷம்தான் முதல் முறையாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இத்தனை ஜில்லா ஜனமும் கூடுகிற நாளில் என் குரல் நாலு ரத வீதியிலும் கேட்கப்போகிறது. அந்த நேரம் பார்த்து வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை.

விஷயம் எப்படியோ புளியங்குடிக்குப் போய்விட்டது. மறுநாளே அவர் நலம் விசாரிக்க பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பை.

“என்னவே இப்படி வீங்கிப் போச்சு? ஆ காட்டும் பாப்பம்.”

காட்டினேன். காட்டியது போதாது என்று இன்னும் காட்டச் சொன்னார். என் வாய் திறக்காததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை அவர் முகத்தால் முழுசாக மறைக்க முடியவில்லை.

“சரி, உடம்பப் பாத்துக்கிடும். மைக் எங்க ஓடிப் போகுது? நான் இருக்கேம்லா” என்று பையை நீட்டினார். பை நிறைய எலுமிச்சம்பழம். பல் வலிக்காரனுக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைப் பார்த்த மாத்திரத்திலேயே பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

“அந்தப் பல் டாக்டரம்மாட்ட போனாத்தான் என்ன?” என்றாள் என் வீட்டுக்காரி.

போகலாம். போகக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? கால்தான் சொல்லிற்று. எதிர்த்த டீக்கடையில் ஒரு அண்ணாச்சி ஏற்கெனவே எனக்கு விளக்கியிருந்தார்: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். “எனக்குக் கீழ்ப் பல்லு அண்ணாச்சி” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்பம் காது” என்றார். காது போன பிறகு மைக் செட்காரன் என்ன செய்வான்? குழாயைக் கட்டிவிட்டு, சத்தம் வருகிறதா என்று போகிற வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பானா?

ஆகவே நானே வைத்தியத்தில் இறங்கினேன். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். சொறி சிரங்கு, பூச்சிக்கடி எதுவானாலும் குழைத்துப் பூசிக்கொள்வோம், நெற்றியில் இட்டுக்கொள்வோம். எல்லாரும் வெளியே பூசுகிறார்கள், நான் ஏன் நேராக நோய் இருக்கிற இடத்துக்கே அனுப்பக் கூடாது என்று எனக்கு மட்டும் தோன்றியது. குழைத்து, சின்னதாக உருட்டி, பல் குழிக்குள் வைத்து, ஈர்க்குச்சியால் இடித்து இடித்து அடைத்தேன். கொத்தனார்கூட அவ்வளவு சுத்தமாகப் பூசியிருக்க மாட்டார்.

அன்று சாயந்தரம் மாமனார் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தார். வலி விண்ணுவிண்ணென்று தெறித்தது. வீட்டுக்காரி குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் பார்த்தவர்கள் என்னைப் பாடையிலிருந்து இறங்கி நடந்து வருகிறவன் என்று நினைத்திருக்கலாம்.

அந்தப் பல் ஆஸ்பத்திரி ரத வீதியிலேயே இருந்தது. முன்னால் ஒரு பெஞ்சு போட்ட அறை, உள்ளே நாற்காலி அறை, அவ்வளவுதான். மூன்று பேர். டாக்டரம்மா மதுரைக்காரர், வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். சிஸ்டர் கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய வீட்டுக்காரர் துபாயில். அப்புறம் கம்பவுண்டர் அண்ணாச்சி. ஆயுதங்களைக் கொதிக்கவைப்பது, கரண்ட் போனால் பல் ராவுகிற மெஷினைத் தையல் மெஷின் மாதிரி காலால் மிதிப்பது, பெஞ்சில் இருப்பவர்களோடு வம்பளப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது கொதிக்கிற சத்தம். தகரப் பெட்டிக்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. உள்ளே இரும்புகள் ஒன்றோடொன்று மோதின. அதில் என் பல்லுக்கான குறடு எது என்று காதாலேயே தேடிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா என் கண்ணெதிரிலேயே முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேராகத் தம் முகம் வருகிற உயரத்தில் உட்கார்ந்தார். விளக்கைத் திருப்பினார்.

“முடிஞ்ச அளவு திறங்க. போதும், போதும். இது என்ன, உள்ள ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு?”

“உத்து உண்ணு” என்றேன்.

“என்ன?”

“புத்துமண்ணு டாக்டர்” என்று வீட்டுக்காரி ஓரத்திலிருந்து மொழிபெயர்த்தாள். “அம்மன் பிரசாதம். நான் சொல்லச் சொல்லக் கேக்காம இந்த மனுஷன் அடைச்சிருக்காக.”

கம்பவுண்டர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். சிரிப்பதற்கு அதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது, நானே அவர் இடத்தில் இருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பேன். அவரோ, “பிரசாதம் எங்க வீட்லயும் இருக்கு. நெத்தியில வச்சுக்கோங்க. குழிக்குள்ள எதைப் போட்டு அடைச்சாலும் உள்ள இருக்கிற சீழ் வெளிய வர வழி இல்லாமப் போயிடும். அதான் இவ்வளவு வீக்கம்” என்றார். பிறகு பீச்சுக்குழலில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துப் பைய பைய அந்த மண்ணைக் கரைத்தார். கொஞ்ச நேரத்தில் ஏதோ கதவு திறந்த மாதிரி இருந்தது. தெறிப்பு பாதியாகக் குறைந்தது. துப்பச் சொன்னார். நான் துப்பியதை இங்கே விவரிக்க வேண்டாம்.

அடுத்து குறடுதான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“இன்னைக்கு எடுக்கப் போறதில்ல” என்றார்.

கண்ணைத் திறந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்காரிக்கு ஏமாற்றம். “கையோட புடுங்கிருங்க டாக்டர். வெளிய விட்டா மறுபடி வர மாட்டாக.”

“இந்த வீக்கத்தோட ஊசி போட்டா சரியா மரக்காதும்மா. வலிக்க வலிக்கத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுக்கிறதுக்கு நான் இங்க உக்காரல.” மாத்திரை எழுதினார். வாய்க்குள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வேண்டும், வெளியே கன்னத்தில் மட்டும் சூடாக ஒத்தடம் கொடுக்கவே கூடாது என்றார். சிஸ்டர் அதையே வீட்டுக்காரியிடம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் தலையாட்டுகிற ஆள் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் குழறிக் குழறித் தபசு மைக்கைப் பற்றிச் சொன்னேன். புளியங்குடிக்காரரைப் பற்றியும், எலுமிச்சம்பழத்தைப் பற்றியும்கூடச் சொன்னேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“பேசலாம். புண் ஆற நாள் இருக்கு. ஆனா நான் சொல்ற நாள்ல நீங்க வரணும். தள்ளிப் போட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

வருவதாகச் சொன்னேன். அம்மன்மேல் சத்தியம் என்றேன்.

மாத்திரை வேலை செய்தது. நாலு நாளில் மாமனார் தம் ஊருக்குப் போய்விட்டார், கன்னம் என்னுடையதாயிற்று, வாய் திறந்தது. வலியும் இல்லை. வலி இல்லாத பல்லை எதற்குப் பிடுங்குவது? பாவம், அதுவும் திருந்திவிட்டதே! டாக்டரம்மா சொன்ன நாள் விடிந்தபோது எனக்குத் திடீரென்று பக்தி பொங்கியது. எங்கள் ஊரில் தபசுக் கொடி ஏறினால் ஆடிச்சுற்று நடப்பார்கள். நேர்ந்துகொண்ட கணக்குக்குக் கோயிலைச் சுற்றி வர வேண்டும். அது முடிகிறவரை நான் விரதம் என்று அறிவித்துவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். பக்தனைப் பல் ஆஸ்பத்திரிக்குப் போ என்று யார் சொல்ல முடியும்?

பயத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். கோயிலைச் சுற்றுகிறவன் ரத வீதி வழியாகத்தான் சுற்ற வேண்டும். ரத வீதியில்தான் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை நான் அதன் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

முதல் சுற்றில் சிஸ்டர் வாசலில் நின்றார். “அண்ணே, இன்னைக்குத்தானே?”

“சுத்து முடிச்சுட்டு வாரேன் சிஸ்டர்.”

அடுத்த சுற்றில், “இன்னும் எத்தனண்ணே பாக்கி?”

“கொஞ்சம் கிடக்கு.”

அதற்கடுத்த சுற்றுகளில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்தார். அந்தப் பார்வையைத் தாண்டுவதற்குக் கூட்டத்துக்குள் குனிந்து போனேன், ஒரு தேங்காய்க் கூடைக்காரி மறைவில் போனேன். வெயில் ஏறியது. கணக்கு முடிந்த பிறகும் நான் நிற்கவில்லை. நின்றால் பிடித்துவிடுவார்கள். கடைசியில் கம்பவுண்டர் அண்ணாச்சியே தெருவில் இறங்கி இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டார்.

“வே, அங்கன அம்மன் ஒத்தக் கால்ல தபசு நிக்கப் போறா. நீரு ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு இந்த ஓட்டம் ஓடுதீரே? உள்ள வாரும்.”

போனேன். நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா வழக்கமாக ஊசிக்கு முன்னால் கேட்பதையெல்லாம் கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, முன்னே எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

“சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு டாக்டர்.”

அவர் ஊசியை எடுத்தார். அது கண்ணாடி ஊசி. அவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. “இப்ப ஈறுல ஒரு குத்து இருக்கும். கொசு கடிச்ச மாதிரின்னு சொல்ல மாட்டேன், அதைவிடக் கொஞ்சம் கூடத்தான்” என்றார். ஊசி நுனியில் ஒரு சொட்டு மருந்து எட்டிப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். அந்தச் சொட்டு பெருசாகி, பந்தாகி, பூசணிக்காயாகி, அப்புறம் தபசு மண்டபம், நாலு ரத வீதி, புளியங்குடி எல்லாமே இருட்டிவிட்டது.

முழித்தபோது நாற்காலி கட்டில் மாதிரி சாய்ந்திருந்தது. என் கால்கள் தலையைவிட உயரத்தில் இருந்தன. சிஸ்டர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி விசிறிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவின் விரல் என் மணிக்கட்டில் நாடியைப் பிடித்திருந்தது. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. மூன்று பேரும் இதற்கென்றே ஒத்திகை பார்த்தவர்கள் போல ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள்.

“பல் எடுத்தாச்சா டாக்டர்?” என்றேன் ஆசையாக.

“ஊசியே இன்னும் போடல” என்றார். சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். “காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் சாப்பிடல.”

“சாப்பிட்டாச்சான்னு கேட்டேனே?”

“ஆச்சுன்னேம்லா.”

“சாப்பிடலையே?”

“சாப்பிடல.”

டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார். நான்தான் விளக்க வேண்டியதாயிற்று. “டாக்டர், இங்கன யாரு எப்பம் கேட்டாலும் ஆச்சுன்னுதான் சொல்லுவோம். இல்லன்னு சொன்னா கேட்டவுக எலையப் போட்டுருவாக. தெருவுல போறவன் கேட்டாலும் ஆச்சுதான், பட்டினி கிடந்தாலும் ஆச்சுதான். வாயி அதுபாட்டுக்குச் சொல்லிரும்.”

“ஆமா டாக்டர், எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவோம்” என்றார் சிஸ்டர்.

இனி திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். படித்தவர்கள் ஆஸ்பத்திரியில் எங்களைத் திட்டுவது புதுசில்லை. ‘உள்ளதைச் சொல்லத் தெரியாதா, சாகப் பாத்தியே’ என்பார்கள். நாங்களும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்போம். டாக்டரம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு சிஸ்டரிடம் சொன்னார்: “தப்பு அவர் பதில்ல இல்ல, என் கேள்வியில இருக்கு. நான் கேட்டது விசாரிப்பு, அவர் சொன்னதும் விசாரிப்புக்குப் பதில். இனிமே யாரையும் அப்படிக் கேக்க வேண்டாம். கடைசியா என்ன சாப்பிட்டீங்க, எப்ப சாப்பிட்டீங்க. இப்படித்தான் கேக்கணும்.”

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பொய் சொன்னவன் நான், மயங்கி விழுந்தவன் நான், சர்க்கரைத் தண்ணீர் குடித்தவனும் நான். தப்பை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அதையும் பெருந்தன்மைக்காகச் செய்ததாகத் தெரியவில்லை. மெஷினில் எந்தத் திருகு கழன்றது என்று பார்த்து முடுக்குவது போலச் செய்தார். ஆம்ப்ளிபயர் இரைந்தால் நானும் அப்படித்தான் தேடுவேன், ஆம்ப்ளிபயரைத் திட்ட மாட்டேன்.

“விரதமா?” என்று கேட்டார். “அப்படின்னா முறிக்கச் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சாப்பிட்டுட்டு வாங்க. அதுக்கு மேல தள்ளினா தபசுக்குப் புண் ஆறாது.”

எனக்கு ஒரு நாள் ஆயுள் நீண்டது. எழுந்திருக்கப் போனேன். கம்பவுண்டர் விடவில்லை. “சுத்து முடியுத வரைக்கும்தான வெரதம்? எத்தன நேந்துக்கிட்டீரு, எத்தன சுத்துனீரு?”

யோசித்துப் பார்த்தால், கணக்கு முடிந்து அதற்கு மேலேயே சுற்றியிருந்தேன்.

“அப்பம் வெரதம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு வே!” என்று சொல்லித் தம்முடைய மத்தியானத் தூக்குவாளியைத் திறந்து என் முன்னால் வைத்தார். தயிர் சாதமும் மோர் மிளகாயும். “கைய கழுவும். மொளகா எனக்கு.”

சாப்பிட்டேன். வாயைக் கொப்பளித்தேன். அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இதற்குள் நான் செத்துவிட்டதாகச் செய்தி கேட்டு வீட்டுக்காரி ஓடி வந்தாள். உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தாள்.

மறுபடியும் நாற்காலி. இந்தத் தடவை ஊசியைப் பார்க்காமல் சிஸ்டர் முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். குத்தியது. சொன்ன அளவுக்குத்தான் குத்தியது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் உதடு வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

“இப்ப கேளுங்க. அமுக்குறது தெரியும். நெறுநெறுன்னு சத்தம் கேக்கும். அதெல்லாம் வலி இல்ல. வலின்னா உடனே இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடுவேன்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. குறடு பிடித்த கையை எந்தக் கை நிறுத்தும்? சோதித்துப் பார்க்க வேண்டாமா? அவர் குறடை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்ததுமே கையைத் தூக்கினேன். நிறுத்தினார். “வலிச்சதா?” இல்லை என்று தலையாட்டினேன். மறுபடி தொடங்கினார். தூக்கினேன். நிறுத்தினார். எச்சில் விழுங்க வேண்டும் என்றேன். மூன்றாவது தடவை எதற்குத் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. அதற்கும் நிறுத்தினார்.

“வே, பஸ்ஸுக்குக் கை காட்டுத மாதிரில்லா காட்டுதீரு” என்றார் கம்பவுண்டர்.

“காட்டட்டும் அண்ணாச்சி. அதுக்குத்தான் சொல்லியிருக்கேன்” என்றார் டாக்டரம்மா. குரலில் சலிப்பே இல்லை.

அப்புறம் ஒரு தடவை நிஜமாகவே சுருக்கென்றது. கை தானாக எழுந்தது. அது மற்றக் கை தூக்கல்களைப் போல் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, குறடை வெளியே எடுத்துவிட்டு, “இது வலி. சரி” என்று இன்னும் கொஞ்சம் மருந்து போட்டுக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில்தான் என் உடம்பு தளர்ந்தது. நிறுத்துவேன் என்றவர் நிறுத்துகிறார். இனி எனக்கு என்ன கவலை? சிஸ்டரின் உள்ளங்கை என் தாடையைக் கீழிருந்து தாங்கியிருந்தது. அமுக்கினார்கள், நெறுநெறுத்தது, எல்லாம் முன்கூட்டியே சொன்னபடி நடந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில் தட்டில் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

என் பல்! இரண்டு கால் முளைத்த சின்ன இடுக்கி மாதிரி கிடந்தது. இதற்காகவா கோயிலை அத்தனை தடவை சுற்றினேன்?

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். துப்பக் கூடாது, இன்றைக்குக் கொப்பளிக்கக் கூடாது, சூடாக எதுவும் கூடாது, பீடி கூடாது. “முக்கியமா பேசக் கூடாது” என்றார் டாக்டரம்மா.

“எத்தன நாளைக்கு டாக்டர்?” என்று வீட்டுக்காரி கேட்ட குரலில் எத்தனை வருஷத்து ஏக்கம்!

அன்று சாயந்தரம் கடையில் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் கடையநல்லூர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஏறி வந்தார். “வாயத் தெறங்கண்ணே, ரத்தம் நின்னுட்டுதான்னு பாக்கேன்.” பஜார் நடுவில் வாயைப் பிளந்து காட்டினேன். பார்த்துவிட்டு, “நல்லாருக்கு” என்று போனார். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். யாரும் அவரை வரச் சொல்லவில்லை.

தபசன்று வாய் நன்றாகவே திறந்தது. மண்டபத்துக்குப் பக்கத்துப் பந்தலில் மைக்கைப் பிடித்தேன். சம்சாரிகள் வயலில் விளைந்த பருத்தியும் மிளகாய் வற்றலும் நெல்லும் கொண்டுவந்து அம்மனுக்கு அள்ளி வீசிச் சூறை விட்டார்கள். ரத வீதி முழுக்கப் பஞ்சு பறந்தது. பஞ்சைப் பார்த்ததும் கடைவாய் தானாகக் கடித்துக்கொண்டது. என் குரல் நாலு வீதிக்கும் போய்த் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. காது போகவில்லை. புளியங்குடிக்காரர் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையசைத்தார். நல்ல மனுஷன்தான்.

அந்த மிதப்பில் நன்றி பொங்கிவிட்டது. காணாமல் போன ஒரு பாட்டியையும் கிடைத்த ஒரு செருப்பையும் அறிவித்த கையோடு சொல்லிவிட்டேன்: “பொதுமக்கள் கவனத்திற்கு. நமது ரத வீதி பல் ஆஸ்பத்திரியில் துளிகூட வலியில்லாமல் பல் எடுக்கப்படும். துளிகூட வலியில்லாமல்!”

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது.

“என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக? டாக்டரம்மா தலையில கை வச்சு உக்காந்துட்டாக. டாக்டருமாரு விளம்பரமே பண்ணக் கூடாதாம்.”

“நான்தான பண்ணுனேன், அவுக பண்ணலியே!”

“அதுவும் போகட்டும். வலிக்காதுன்னு அவுக என்னைக்காவது உங்ககிட்டச் சொன்னாகளா? நாளைக்கு அதை நம்பி வாரவன்கிட்ட அவுக என்னத்தச் சொல்ல? வாபஸ் வாங்கச் சொன்னாக.”

யோசித்தேன். உண்மை. வலிக்காது என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லாததால்தான் அவர் சொன்ன மற்றதையெல்லாம் நான் நம்பினேன்.

மைக்கை எடுத்தேன். “பொதுமக்கள் கவனத்திற்கு. சற்று முன்னால் பல் சம்பந்தமாகச் சொன்ன அறிவிப்பு வாபஸ் வாங்கப்படுகிறது. வலிக்கும். எனக்கு வலித்தது. கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள். நான் பல தடவை தூக்கினேன்.” கூட்டம் சிரித்த சிரிப்பில் குழாயே அதிர்ந்தது. சிஸ்டர் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். “வாபஸ் வாங்கச் சொன்னா, ரெண்டாவது விளம்பரம் போட்டுட்டீகளே அண்ணே!”

தபசு முடிந்து புண்ணைக் காட்டப் போனேன். பெஞ்சில் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

“வே, மைக்ல சொன்னது நீருதானே? வலிக்குமோ?”

“வலிக்கும்.”

“கையத் தூக்குனா நிப்பாட்டுவாகளா?”

“நிப்பாட்டுவாக.”

“அப்பம் சரி” என்று கையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

சிஸ்டர் வெளியே வந்து அவரிடம் கேட்டார்: “அண்ணாச்சி, கடைசியா என்ன சாப்பிட்டீக? எப்பம் சாப்பிட்டீக?”

“ஆச்சு தாயி.”

“ஆச்சு சரி. என்ன சாப்பிட்டீக?”

சம்சாரி குழம்பிப்போய் என் பக்கம் குனிந்தார். “என்னவே இப்படிக் கிண்டிக் கிண்டிக் கேக்காக? சாப்பிடலன்னு சொன்னா சோறு போட்டுருவாகளோ?”

“போடுவாக” என்றேன். “எனக்குப் போட்டாக.”

உள்ளே கம்பவுண்டர் அண்ணாச்சி தம் தூக்குவாளியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது.